சேலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பது: ஓர் உறுப்பினரின் மதிப்புரை

இந்த மதிப்புரை சேலத்தில் உள்ள இரண்டு இடங்களைப் பற்றியது. ஒன்று, நான் பணிபுரியும் கல்வி நிறுவனத்தின் ஊழியர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து மாதந்தோறும் சேமித்து, தேவைப்படும்போது கடனும் பெறும் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம். மற்றொன்று, நகருக்குள் இயங்கும் ஒரு நகரக் கூட்டுறவு வங்கியின் கிளை. தனியார் வங்கி ஒன்றில் இருந்த எங்கள் குடும்பச் சேமிப்பின் பெரும்பகுதியை இவ்விரண்டுக்கும் மாற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெயர்களைச் சொல்லாமல் விடுகிறேன். நான் எழுதப்போகும் நிறைகளும் குறைகளும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துபவை என்பதால், வாசகர் தம் ஊர்ச் சங்கத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தை மாற்றியது சரியான செயல். ஆனால் முழுப் பணத்தையும் மாற்றக் கூடாது. மாற்றிய பிறகு, இனி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உறுப்பினர் வீட்டில் இருந்துவிடவும் கூடாது.

மாற்றத்துக்குக் காரணம் வட்டி விகிதம் அல்ல. என் மாமியார் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையைத் தனியார் வங்கிக் கிளை ஒன்றில் நிரந்தர வைப்பாக வைத்திருந்தார். வைப்பு முதிர்ந்து, புதுப்பிக்கச் சென்றவரிடம், "அதே மாதிரிதான் அம்மா, வட்டி மட்டும் கூடுதலா வரும்" என்று சொல்லிப் படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த தாள்களைப் படித்தபோதுதான், அது ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி என்பது தெரிந்தது. பாலிசி கைக்கு வந்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற விதி இருப்பதால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பக் கிடைத்தது. இப்போது அந்தக் கால அளவு 30 நாட்கள். இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாலிசியை விற்ற இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. திருப்பிக் கொடுக்கச் சென்ற நாளில் அவர் முகத்தில் தெரிந்தது, அந்த மாத இலக்கில் ஒன்று குறைந்துவிட்டது என்று மேலாளரிடம் சொல்ல வேண்டிய பயம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெண்மணியிடம் அவருக்குத் தேவையற்ற ஒன்றை விற்கும் நிலைக்கு ஒரு நல்ல பிள்ளையைத் தள்ளியது எது என்று தேடியபோதுதான், வங்கித் தலைவர்களின் ஊதியம் பற்றிய விவரங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தியாவில் ஒரு தனியார் வங்கியின் தலைமை நிர்வாகிக்கு எவ்வளவு ஊதியம் என்பதை அந்த வங்கியின் இயக்குநர் குழு மட்டுமே முடிவு செய்துவிட முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35பி பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளின்படி, தலைமை நிர்வாகியின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியமாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதி நிலையான சம்பளத்தின் மூன்று மடங்கு வரை போகலாம். அதில் ஒரு பங்கு சில ஆண்டுகள் கழித்தே கையில் கிடைக்கும். வங்கிக்குக் கேடு நேர்ந்தால் கொடுக்காமல் நிறுத்தவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். தலைமையில் இருப்பவர் வங்கியின் நெடுங்கால நலனை நினைத்து நடக்க வேண்டும் என்பதே இந்த விதிகளின் நோக்கம், அது நல்ல நோக்கம்தான். ஆனால் தலைமை நிர்வாகியின் ஊதியத்தில் பாதிக்கு மேல் லாபத்தையும் வளர்ச்சியையும் பார்த்து அளக்கப்படும்போது, அதே அளவுகோல் மண்டல மேலாளர், கிளை மேலாளர், விற்பனை அலுவலர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வாடிக்கையாளரின் மேல் வந்து விழுகிறது என்றே நான் கருதுகிறேன்.

2022-23 நிதியாண்டில் எச்டிஎப்சி வங்கியின் நிர்வாக இயக்குநர் சசிதர் ஜெகதீசன் பெற்ற ஊதியம் சுமார் 10.55 கோடி ரூபாய். அதே ஆண்டில், நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கியின் தலைவராக இருந்த தினேஷ் காரா பெற்றது சுமார் 37 லட்சம் ரூபாய். இருவர் மீதும் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இரண்டுமே விதிப்படி வெளியிடப்பட்ட தொகைகள். பொறுப்பின் அளவைக் கொண்டுதான் ஊதியம் அமைகிறது என்று சொல்லப்படும் காரணம் இந்த இரண்டு தொகைகளுக்கு முன்னால் நிற்கவில்லை என்பதையே சுட்டிக்காட்டுகிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனமும், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லோரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 197ஆம் பிரிவில் சொல்கிறது. உங்கள் வங்கியின் ஆண்டறிக்கையை இணையத்தில் இறக்கி, அந்த ஒரு பக்கத்தையாவது படித்துப் பாருங்கள். படித்த பிறகு அதைப் பற்றி ஒரு வைப்பாளராக உங்களால் எதுவும் கேட்க முடியாது என்பதும் புரியும். பங்குதாரர் கேட்கலாம், ஆனால் அங்கே வாக்கு தலைக்கு ஒன்று இல்லை, பங்குக்கு ஒன்று.

மேலிடத்து ஊதியமும் கவுன்டரில் நடக்கும் விற்பனையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் வெளிப்பட்டதைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளும் கடன் அட்டைகளும் தொடங்கப்பட்டிருந்தன. 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இலக்கை எட்டுவதற்காக இதைச் செய்த, பெரும்பாலும் கீழ்நிலையில் இருந்த, சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையை இழந்திருந்தார்கள். தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் பின்னர் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது, பதவியிலிருந்தும் விலகினார். விட்டுக்கொடுக்கவே அவ்வளவு இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2011 நவம்பர் 5 அன்று, பெரிய வங்கிகளின் கட்டணங்களாலும் 2008 நெருக்கடிக்குப் பிறகும் குறையாத அவற்றின் மேலிடத்து ஊதியங்களாலும் சினமுற்ற அமெரிக்கர்கள், தங்கள் கணக்குகளை, உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கடன் ஒன்றியங்களுக்கு மாற்றும் நாளாக அதை அறிவித்து மாற்றினார்கள்.

கடன் ஒன்றியம் என்று அங்கே சொல்லப்படுவது நமக்கு அந்நியமான ஒன்று அல்ல. நம் சிக்கன நாணயச் சங்கமும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரெய்பைசன் என்ற ஊர்த்தலைவர், வட்டிக்காரர்களிடம் சிக்கிய உழவர்களுக்காகத் தொடங்கிய கடன் சங்கங்களே மூலம். சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சனை அனுப்பி ஐரோப்பிய முறைகளை ஆராயச் செய்தது. அவர் 1890களில் அளித்த அறிக்கை, ரெய்பைசனைப் போன்றவர்களை இங்கே தேடிக் கண்டடைய வேண்டும் என்ற கருத்தோடு முடிந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் உழவர்களுக்கான கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகர மக்களுக்கான கடன் சங்கமும் பதிவாயின. இதற்குப் பிறகுதான், 1907இல் இந்தியாவில் பயணம் செய்த பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் பைலீன், வங்காளத்துக் கிராமங்களில் இத்தகைய சங்கங்களைப் பார்த்துவிட்டுத் தம் நாட்டில் கடன் ஒன்றிய இயக்கத்துக்குத் துணை நின்றார். அமெரிக்காவில் 1934இல் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. நம் ஊர் ஓட்டுக்கட்டடச் சங்கங்களை ஏதோ பழங்காலத்து மிச்சம் என்று எண்ணும் நண்பர்களிடம் இந்த வரலாற்றை நான் தவறாமல் சொல்வதுண்டு.

இனிச் சங்கத்தின் சேவைக்கு வருகிறேன். சேரும்போது பங்குத்தொகை கட்ட வேண்டும். அதன்பின் மாதந்தோறும் சம்பளப் பட்டியலிலேயே சிக்கன சேமிப்புக்கான தொகையும், கடன் இருந்தால் அதன் தவணையும் பிடித்தம் செய்யப்படும். சிக்கன சேமிப்பை இடையில் எளிதாக எடுத்துவிட முடியாது என்பதை இளைய ஊழியர்கள் குறையாகச் சொல்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் அதையே நிறையாகச் சொல்கிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். கடனுக்கு உடன் பணிபுரியும் உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். கடன் மனு, சம்பளச் சான்று, ஜாமீன்தாரர்களின் ஒப்புதல் ஆகியவை சரியாக இருந்தால், பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாத நெரிசலிலும் ஒரு வாரத்துக்குள் பணம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தனியார் நிதி நிறுவனங்கள் கேட்கும் செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் போன்றவை இல்லை. கடன் வாங்கும்போது காப்பீட்டைச் சேர்த்துத் தலையில் கட்டும் வழக்கமும் இல்லை.

ஜாமீன் முறையில் ஒரு சங்கடம் இருப்பதை மறைக்க மாட்டேன். ஒருவர் தவணை தவறினால் ஜாமீன் போட்டவரின் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் ஒரே அறையில் வேலை செய்யும் இருவர் பேசாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், கடன் கேட்பவரைப் பற்றி, அவர் முன்பு வாங்கிய கடன்களை எப்படி அடைத்தார் என்பதை வைத்துத் தரப்படும் கடன் மதிப்பெண்ணைக் கணினியில் பார்த்து முடிவெடுப்பதைவிட, அவரோடு பத்து ஆண்டுகள் பணிபுரிந்தவர்களின் நம்பிக்கையை வைத்து முடிவெடுப்பது மேலானது என்பதே என் எண்ணம். மகளின் அறுவைச் சிகிச்சைக்காக அவசரமாகப் பணம் தேவைப்பட்ட எங்கள் அலுவலக உதவியாளருக்கு, மதிப்பெண் குறைவு என்று வெளியில் மறுக்கப்பட்ட கடனை, இரண்டு பேராசிரியர்கள் ஜாமீன் கையெழுத்திட்டுச் சங்கத்தில் பெற்றுத் தந்தார்கள். அவர் ஒரு தவணையும் தவறவில்லை.

சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆண்டுப் பேரவைக் கூட்டம். சம்பள நாளுக்குப் பிந்தைய ஒரு சனிக்கிழமை கலையரங்கில் கூடுவோம். ஆண்டறிக்கைப் புத்தகம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அதில் செயலாளரின் சம்பளம் உட்பட நிர்வாகச் செலவின் ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி வரியாக அச்சிடப்பட்டிருக்கும். செயலாளரின் சம்பளம் துணைவிதிகளுக்கும் கூட்டுறவுத் துறையின் ஒப்புதலுக்கும் உட்பட்டது. இயக்குநர்களுக்கு அமர்வுப்படி தவிர வேறு ஊதியம் கிடையாது. ஒரு முறை, ஆய்வக உதவியாளர் ஒருவர் எழுந்து, வாகன வாடகை சென்ற ஆண்டைவிடக் கூடியிருப்பதற்குக் காரணம் கேட்டார். செயலாளர் வவுச்சர் கட்டை எடுத்துவரச் செய்து, தணிக்கை அலுவலகத்துக்கும் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்வந்த நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கேட்டவர் திருப்தி அடைந்த பிறகே அடுத்த பொருளுக்குச் சென்றார்கள். கல்லூரி முதல்வருக்கும் அங்கே ஒரு வாக்கு, தோட்டக்காரருக்கும் ஒரு வாக்கு. லாபத்திலிருந்து காப்பு நிதிக்கும் கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஒதுக்கியது போக எவ்வளவு பங்கு ஈவு தரலாம் என்பதையும் அந்தக் கூட்டமே முடிவு செய்தது. எங்கள் பணத்தை ஆள்பவருக்கு எங்கள் பணத்திலிருந்து என்ன போகிறது என்பதை நாங்கள் கேட்டோம், அவர் பதில் சொன்னார். நான் வங்கியை விட்டு வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நகரக் கூட்டுறவு வங்கிக் கிளை வேறு வகையான இடம். நிறுவன ஊழியர்கள் மட்டும் சேரக்கூடிய சங்கத்தைப் போலல்லாமல், ஊர் மக்கள் எவரும் கணக்குத் தொடங்கலாம். காலையில் போனால் கொலுசுப் பட்டறைக்காரர்கள், தறிக்காரர்கள், காய்கறி மண்டிக்காரர்கள் என்று சேலத்தின் உழைப்பு முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும். நகைக்கடன்தான் இந்தக் கிளையின் முதன்மையான தொழில். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசி, எடை பார்த்து, கல் எடையைக் கழித்து, ஒவ்வொரு நகையையும் பெயரோடு ரசீதில் எழுதுகிறார். கூட்டம் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் பணம் கிடைத்துவிடுகிறது. எங்கள் பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவரோடு ஒரு முறை சென்றிருந்தேன். நகைக்கு எவ்வளவு அதிகபட்சம் தருவீர்கள் என்று அவர் கேட்டதற்குக் காசாளர், "மதிப்புக்கு முழுசா வாங்காதீங்க அண்ணே. வெள்ளி விலை ஏறி எறங்குற நேரம், வட்டி கட்ட முடியாம போனா ஏலத்துக்குப் போயிடும். தேவைக்கு மட்டும் வாங்குங்க, மறுபடியும் வேணும்னா வாங்க" என்றார். கடன் தொகை கூடினால் தம் வருமானமும் கூடும் என்ற நிலையில் இருக்கும் ஒருவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சேமிப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பும் இங்கே எளிய மக்களுக்கு எட்டும் அளவில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகர, நகர்ப்புறக் கிளைகளில் புதிதாகத் தொடங்கும் சேமிப்புக் கணக்குகளுக்கான மாதச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே 15,000 ரூபாயாகக் குறைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் சேலம், ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் நகர்ப்புறம்தான். அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு 15,000 ரூபாயைக் கூட எப்போதும் அசையாமல் வைத்திருக்க முடியுமா என்று அந்த முடிவை எடுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

குறைகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. கிளையின் கைப்பேசிச் செயலி பாதி நாள் திறப்பதில்லை. பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் பழுதானால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. பெரிய தொகையை வேறு வங்கிக்கு அனுப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் அன்றாட யூபிஐ செலவுகளுக்கு ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். சங்கத்திலோ இணையச் சேவை என்பதே கிடையாது. இருப்பு எவ்வளவு என்று அறிய நேரில் போக வேண்டும். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு இரவில் பணம் அனுப்ப வேண்டிய பெற்றோருக்கு இந்த இடங்கள் மட்டும் போதாது.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டும். வணிக வங்கிகளிலும், நகர, மாவட்ட மத்திய, மாநிலக் கூட்டுறவு வங்கிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாகவே இருந்தது. பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்துக்கும் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. பலருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. சங்கத்தில் கேட்டாலும் தெளிவாகச் சொல்வதில்லை. பெயரில் வங்கி என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு பொதுமக்களிடம் வைப்புத் திரட்டும் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விடுத்தது. உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியும் கவிழ முடியும். மும்பையைச் சேர்ந்த பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடனை ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளால் மறைத்து வந்தது. 2019 செப்டம்பரில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது வைப்பாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது வெறும் 1,000 ரூபாய். அங்கேயும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

தனியார் வங்கி என்றால் கவலை இல்லை என்றும் யாரும் எண்ண வேண்டாம். 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, சேலம், நாமக்கல், ஈரோடு வணிகர்கள் தலைமுறைகளாக அறிந்த பெயர். 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள், தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். அது காலம் கடந்த கேள்வியாகிவிட்டது. நவம்பர் 17 அன்று வங்கி முடக்கப்பட்டு, எடுக்கும் தொகைக்கு 25,000 ரூபாய் வரம்பு வைக்கப்பட்டது. மாத முடிவுக்குள் அது சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது. ஓய்வூதியத்துக்கு நிகராக அந்தப் பங்குகளை வைத்திருந்த முதியவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள்.

கூட்டுறவின் மிகப் பெரிய குறை வேறொன்று, அதைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது. தமிழ்நாட்டில் 2013இலும் 2018இலும் சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது. 2018இல் தேர்வான குழுக்களின் பதவிக்காலம் 2023இல் முடிந்த பின், அவற்றின் இடத்தில் துறை அலுவலர்கள் செயலாட்சியர்களாக அமர்ந்தார்கள். எங்கள் சங்கத்திலும் அப்படித்தான். வந்தவர் நேர்மையானவர், கோப்புகளைத் தாமதப்படுத்தாதவர். ஆனால் அவர் பல சங்கங்களைச் சேர்த்துப் பார்க்கிறார், அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்தல் நடந்த காலத்திலும் கட்சிப் பட்டியல்களே முன்னால் நின்றன, போட்டியின்றித் தேர்வு என்ற அறிவிப்பே மிகுதியாக ஒட்டப்பட்டது. 2021இல் 5 சவரன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு அறிவித்துச் சரிபார்த்தபோது, பல மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களும் முறைகேடான கடன்களும் வெளிவந்ததற்கு, பேரவை விழித்திருக்காததும் ஒரு காரணம். உறுப்பினர் கேட்காத இடத்தில் கூட்டுறவுச் செயலாளரும் தனியார் வங்கியின் நிர்வாகியைப் போலவே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவராகிவிடுவார். சில நிறுவனங்களில், ஊழியர் சம்பளத்தில் பிடித்த சங்கத் தொகையை நிர்வாகம் மாதக்கணக்கில் சங்கத்துக்குச் செலுத்தாமல் வைத்திருக்கும் கொடுமையும் நடக்கிறது. கணக்கை மாதந்தோறும் சரிபார்க்கும் உறுப்பினர்கள் இருக்கும் இடத்தில் அது நீடிக்க முடிவதில்லை.

ஏற்காட்டில் நிலைமை இன்னொரு வகை. மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, லேம்ப் சங்கம் என்று எல்லோரும் அழைக்கும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமே கடனுக்கும் ரேஷனுக்கும் அருகில் உள்ள இடம். காப்பியும் மிளகும் விற்றுக் காசாகும் வரை குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, விளைச்சலை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் வழக்கம் நுழைகிறது. சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் அடைத்தால் வட்டியே இல்லை என்ற தமிழ்நாட்டு நடைமுறை, மலைமேல் ஒரு சிறு தோட்டக்காரருக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை, இலக்கு வைத்துக் கடன் விற்கும் வங்கிகளின் விளம்பரப் பலகைகளைப் படித்து அறிய முடியாது. அங்கே எனக்குக் கணக்கு இல்லை என்பதால் சேவையைப் பற்றி மேலும் சொல்வது முறையல்ல.

எங்கள் வீட்டில் இப்போது பிரித்து வைத்திருக்கும் முறை இது. மாமியாரின் ஓய்வுப் பணம், காப்பீட்டு வரம்பான 5 லட்சத்தை வட்டியோடு சேர்த்தும் தாண்டாதபடி, நகரக் கூட்டுறவு வங்கியிலும் ஒரு பொதுத்துறை வங்கியிலுமாக இருக்கிறது. சங்கத்தில் என் சிக்கன சேமிப்பும், காப்பீடு இல்லை என்று தெரிந்தே வைத்த அளவான வைப்பும் இருக்கின்றன. சங்கம் வட்டிக்கு வரி பிடிக்காவிட்டாலும் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும்.

புதிதாகச் சேர எண்ணுபவர்கள் பணம் கட்டும் முன் கவுன்டரில் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: கடைசித் தணிக்கை எந்த ஆண்டு வரை முடிந்திருக்கிறது, அதில் சங்கத்துக்குக் கிடைத்த தர வகைப்பாடு என்ன, கடைசிப் பேரவைக் கூட்டம் எப்போது நடந்தது, ஆண்டறிக்கையின் ஒரு பிரதி கிடைக்குமா. வங்கியாக இருந்தால், வைப்புக் காப்பீடு பற்றிய அறிவிப்பு கிளையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம், பங்குத்தொகை ஆகியவற்றோடு போனால் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்குள்ள உறுப்பினர் சேர்க்கைக்கான படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.